மெய்யில் எழுதிய பிழை

உடம்பிற் பச்சை குத்தும் வழக்கம் எமக்குப் புதியதன்று. தமிழ் மூதாட்டியர் சிலர் கையிலே கோலமும் பெயரும் குத்தியிருந்தமையை யாம் அறிவோம். ஆயின், மேலைநாட்டார் பலர் இக்காலத்தில் தாம் கல்லாத மொழிகளின் எழுத்துக்களை உடம்பிற் பொறித்துக்கொள்கின்றனர். எபிரேயம், வடமொழி, சீனம், யப்பானியம் என்பன அவர்கள் பெரிதும் விரும்புவன. அவற்றிற் காணப்படும் பிழைகளைக் கண்டு நகைப்போர் பலர். நகைத்தலினும் பிழையின் காரணத்தை ஆராய்தலே கற்றோர்க்கு அழகென்பது எமது கருத்து.

உதைபந்தாட்ட வீரர் டேவிட் பெக்காம் 2000 ஆம் ஆண்டில் தம் மனைவியார் விக்டோரியாவின் பெயரைத் தேவநாகரி எழுத்திற் கையிலே பொறிப்பித்தார். அதில் வேண்டாத ஹகரவொலி ஒன்று புகுந்துவிட்டதென அறிந்தோர் சுட்டினர். பாடகி அரியானா கிராண்டே 2019 ஆம் ஆண்டில் 'ஏழு மோதிரங்கள்' என்னும் பொருளில் யப்பானிய எழுத்திரண்டை உள்ளங்கையிற் பொறித்தார். அவ்விரண்டும் சேர்ந்தால் யப்பானியர்க்குக் கரியடுப்பையே குறிக்கும். நோவு கருதி இடையெழுத்துக்களை விட்டதாக அவரே கூறினார். எழுத்தை விட்டாற் பொருளும் விட்டுப்போம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அந்நெறி அறியாத கணினி நிரல் சொல்லைத் தலைகீழாகத் திருப்பிவிடும். சொல்லிறுதியில் மட்டும் வேறு வடிவு கொள்ளும் எழுத்துக்கள் ஐந்து அம்மொழியில் உள. திரும்பிய சொல்லில் அவற்றுள் ஒன்று முதலில் வந்து நின்று பிழையைக் காட்டிக்கொடுக்கும். இன்னும், 'தாலெத்', 'ரேஷ்' என்னும் எழுத்துக்கள் ஒரு மூலையின் கூர்மையாலேயே வேறுபடுவன. 'ஒன்று' எனப் பொருள்படும் சொல்லின் ஈற்றில் அம்மூலை மழுங்கினால் 'வேறு' என்றாகிவிடும். அம்மறையே லேவியராகமம் 19 ஆம் அதிகாரத்தில் உடம்பில் எழுத்துப் பொறித்தலை விலக்கியுள்ளமையும் ஈண்டு எண்ணத்தக்கது.

வடமொழியிலும் இத்தகைய இடர்கள் உள. 'தினம்' என்பது நாள். முதலெழுத்து நீண்டு 'தீனம்' ஆயின் இரங்கத்தக்க நிலை. 'ஸகலம்' என்பது முழுமை. ஸகரத்தின் இடத்திலே சகரம் நின்றால் வடமொழியில் அது துண்டென்று பொருள்படும். முழுமையை வேண்டியவர் துண்டைச் சுமப்பர்! மேலும், வேற்றுமை உருபுகளின்றி அகராதிச் சொற்களை அடுக்கிவைத்தால் அது வாக்கியமாகாது, சொற்குவியலேயாகும்.

'பொறித்தவர்க்குப் பொருள் விளங்கினாற் போதும், பிறர்க்கு என்ன?' என்பாரும் உளர். இதனை யாம் உடன்படோம். எழுத்து ஓரினத்தார் பல நூற்றாண்டாகப் பேணிய பொதுச்சொத்து. அதனைக் கொடியும் பூவும் போல வெறும் அணியாகக் கொள்வதே பிழைகட்கெல்லாம் மூலம். அம்மொழி அறிந்த ஒருவரை அணுகிக் கேட்டிருப்பின் இவற்றுட் பல நேர்ந்திரா. பலகையில் எழுதிய பிழையை நொடியில் அழிக்கலாம். தோலிற் புகுந்த மையை அகற்றப் பன்முறை ஒளிக்கதிர்ச் சிகிச்சை வேண்டும்.

எமது நாட்டின் அறிவிப்புப் பலகைகளிலே தமிழ் சிதைந்து கிடக்கக் காணுந்தோறும் எம் நெஞ்சு நோகின்றது. எழுதியவர்க்கு அவை வெறுங் கோடுகள். எமக்கோ அவை தாய்மொழி. அந்நோவை அறிந்த நாம் பிறர் எழுத்தையும் அவ்வாறே மதித்தல் கடன். மாணவர்கள் பொருளறியாத பிறமொழிச் சொல்லை மேலங்கியில் அணியுமுன், அறிந்தார் ஒருவரிடம் கேட்பாராக.

இலண்டனிலும் தொரொன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் எம் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். அயலார் ஒருவர் தமிழ்ச் சொல்லொன்றை எழுதித் தருமாறு கேட்பின், விளையாட்டாக எண்ணற்க. 'அறம்' வேண்டி வந்தவர் கையில் 'அரம்' பதிந்துவிடின், அவர் வாழ்நாளெல்லாம் இரும்பு தேய்க்கும் கருவியையன்றோ சுமப்பர்! நிறுத்தி எழுதுக, புள்ளியையும் சுழியையும் இருமுறை நோக்குக, பொருளையும் எடுத்துரைத்து அனுப்புக. கல்லூரி எமக்குத் தந்த எழுத்தறிவுக்கு இதுவும் ஒரு கைம்மாறாம்.