சனிக்குச் சாதி வைத்தவன் யார்?

திருவண்ணாமலையில் கிழமைக்கும் விலை உண்டு. கிரிவலப் பலன் சொல்லும் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். திங்கட்கிழமை மலையைச் சுற்றினால் இந்திர பதவி, செவ்வாய்க்கிழமை சுற்றினால் கடன் தீரும். பாதையில் உள்ள எட்டு லிங்கங்களுக்கும் ஒவ்வொரு கிரகத்தைக் கட்டிவிட்டாச்சு. கேட்டால் ஆதிகாலத்து சாஸ்திரமாம்.

எந்த ஆதிகாலமய்யா? வேதத்தில் நட்சத்திரம் இருக்கு, பட்சம் இருக்கு. ஏழு கிரகத்துக் கிழமை இல்லை. அசோகன் கல்வெட்டுகளிலும் இல்லை. இங்கே கிழமையைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டு மத்தியப் பிரதேசத்து ஏரணில் உள்ள புதகுப்தன் காலத்தது. ஆண்டு 484, கிழமை வியாழன். அதற்கு நானூறு வருசம் முன்பே, 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்துச் சுவரில் ஏழு கிழமையும் கிறுக்கி வைத்திருந்தான் ரோமாபுரிக்காரன்.

வரிசை எப்படி வந்தது? வானத்தில் மெதுவாக நகர்வது முதல் வேகமாக நகர்வது வரை கிரேக்கன் அடுக்கினான்: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். மணிக்கு ஒரு கிரகம் காவல். 24 மணியில் மூன்று சுற்று போக மூன்று மிச்சம். ஆகவே மறுநாள் முதல் மணி நாலாவது கிரகத்துக்கு. சனிக்கு அப்புறம் ஞாயிறு, ஞாயிறுக்கு அப்புறம் திங்கள். விரல்விட்டு எண்ணுங்கள், சரியாக வரும். பாபிலோனிய வானநூலை வைத்து எகிப்தில் கிரேக்கர் போட்ட கணக்கு இது. 'ஓரை' என்ற சொல்லே கிரேக்க 'ஹோரா'தான். வெளியிலிருந்து வந்ததில் தப்பில்லை. மிளகாயும் வந்ததுதான்.

ஆனால் மிளகாய்க்கு யாரும் வருணம் வைக்கவில்லை. 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரன் கிரகங்களுக்கு வைத்தான். அவனுடைய பிருகத் ஜாதகத்தில் வியாழனும் வெள்ளியும் பார்ப்பனர், ஞாயிறும் செவ்வாயும் சத்திரியர், திங்கள் வைசியர், புதன் சூத்திரர். சனி? அந்த்யஜன். அதாவது கடைசியில் பிறந்தவன், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன். அதே நூலில் ஞாயிறும் திங்களும் ராஜாக்கள், சனி வேலைக்காரன். வானத்திலும் ஒரு சேரி!

இன்னொரு நூலான பிருகத் சம்ஹிதையில் அவன் சொல்வதையும் கேளுங்கள். யவனர் மிலேச்சர்தானாம், ஆனாலும் இந்தச் சாத்திரம் தெரிந்ததால் ரிஷிகளைப் போல மதிக்கப்படுகிறார்களாம். அப்படியானால் சோதிடம் தெரிந்த பிராமணன் எவ்வளவு உயர்ந்தவன் என்கிறான். கடல் தாண்டி இருந்தவன் ரிஷி, பக்கத்து வயலில் உழுதவன் அந்த்யஜன்!

சனைச்சரன் என்றால் மெதுவாக நடப்பவன். சூரியனைச் சுற்றிவர அதற்கு ஏறக்குறைய 29½ வருசம். அது செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்குத்தான் 'சனியனே' என்று வசவு. 'சனிப்பொணம் தனியாப் போகாது' என்று பாடையில் கோழி கட்டுகிறார்கள். ஆனால் அன்றைக்குக் குழி வெட்டியவன் யார்? பறையடிக்க வைக்கப்பட்டவன் யார்? நாள் நல்லதா கெட்டதா என்று அவனை யாராவது கேட்டார்களா?

நம் தெருவிலும் இந்த நோய் இருக்கு. திங்கட்கிழமை ஏழரை மணிக்கு ராகுகாலம் என்று மனுக் கொடுக்கக் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும் தோழர்கள் இருக்கிறார்கள். நம்மை அந்த்யஜன் என்று எழுதிய சாத்திரத்தின் குட்டி அது. அதை ஏன் நாம் சுமக்க வேண்டும்?

கிழமை மனிதன் வகுத்தது, மனிதன் மாற்றலாம். பம்பாய் ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வுநாளே இல்லாத காலத்தில், பூலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே தொழிலாளிகளைத் திரட்டினார். 1890 ஜூன் 10இல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். எந்தக் கிரகமும் கொடுக்கவில்லை, போராடி வாங்கினார்கள்.

இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30இல் நுழைந்தார்கள். அது ஒரு திங்கட்கிழமை. செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 2023 ஆகஸ்ட் 2, புதன்கிழமை. இரண்டு இடத்திலும் நல்ல நேரம் குறித்துக் கொடுத்து எவனும் வாசலைத் திறக்கவில்லை. போலீஸ் காவலோடுதான் சொந்த ஊர்க் கோயிலுக்குள் போக முடிந்தது.

மாணவத் தோழர்களே, இரவுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அந்த 24 மணிக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ராகுகாலத்தில் கூட்டம் வையுங்கள். சனிக்கிழமையில் கல்யாணம் வையுங்கள். சாதியை வானத்தில் ஏற்றியவனுக்கு நாம் தரையிலிருந்து பதில் சொல்வோம்.