குழந்தைகளுக்கு ஆகாத புத்தகமா, பெரியவங்களுக்கு ஆகாத புத்தகமா?

இதைப் பத்தி எழுத வேணாம்னுதான் இருந்தேன். ஆனா போன வாரம் தெரிஞ்சவர் ஒருத்தர், நான் அவர் பொண்ணுக்குப் படிக்கக் கொடுத்திருந்த லெமனி ஸ்னிக்கெட் புத்தகத்தைக் கொண்டு வந்து என்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டாரு. "பத்து வயசுக் குழந்தைக்குக் கொடுக்கற புத்தகமாங்க இது? முதல் அத்தியாயத்துலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் தீயில செத்துப் போறாங்க!" அப்படின்னார். நானும் சிரிச்சுக்கிட்டே வாங்கி வச்சுக்கிட்டேன். அவர் தெரு முனை தாண்டின பிறகுதான் எனக்குப் பதில் வந்தது. வழக்கம்போல.

தெரியாதவங்களுக்காக: 'எ சீரீஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவென்ட்ஸ்' மொத்தம் 13 புத்தகம். 1999-ல ஆரம்பிச்சு 2006 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமையா பார்த்து முடிச்சாங்க. எழுதினது டேனியல் ஹேண்ட்லர்ங்கற அமெரிக்கர். லெமனி ஸ்னிக்கெட்ங்கறது அவர் புனைபெயர், கதை சொல்ற பாத்திரமும் அதேதான். வயலெட்டுக்கு 14, க்ளாவ்ஸுக்கு 12, சன்னி கைக்குழந்தை (பல் மட்டும் ரம்பம் மாதிரி). போதலேர் குடும்பத்துப் பிள்ளைங்க. பெத்தவங்க போனதும் இவங்க சொத்துக்காகத் துரத்துற நாடகக்காரன்தான் கவுன்ட் ஓலாஃப்.

சாவு இருக்கறதுனால ஆகாதுன்னா, ரோல்ட் டாலையும் மூட்டை கட்டி பரண்ல போடணும். 1961-ல வந்த 'ஜேம்ஸ் அண்ட் தி ஜெயன்ட் பீச்'ல ஜேம்ஸோட அப்பா அம்மாவைக் காண்டாமிருகம் தின்னுடுது, அதுவும் முதல் பக்கங்கள்லயே. ஹாரி பாட்டர் அநாதை இல்லையா? அதை மட்டும் க்யூவுல நின்னு வாங்கிக் கொடுத்தாங்களே! ஆக, பிரச்சினை சாவு இல்லை. வேற என்னவோ உறுத்துது, அதைச் சொல்லத் தெரியாம சாவு மேல பழியைப் போடறாங்க.

என்ன உறுத்துதுன்னு நான் சொல்றேன். முதல் புத்தகத்துல ஒரு இடம். ஓலாஃப் வீட்டுல மூணு பேருக்கும் சேர்த்து ஒரே கட்டில். நாள் பூரா வேலை. ராத்திரி அவனோட நாடகக் கும்பலுக்கே சமைச்சுப் போடணும். மாட்டிறைச்சி வறுவல் எங்கேன்னு கேட்டு க்ளாவ்ஸை அறைஞ்சும் விடறான். பிள்ளைங்க என்ன பண்ணுது? ஒழுங்கான பிள்ளைங்க என்ன பண்ணணும்னு நாம சொல்லிக் கொடுக்கறோமோ அதையேதான் பண்ணுது. பொறுப்பான பெரியவர்கிட்டப் போய்ச் சொல்லுது. அந்தப் பெரியவர் மிஸ்டர் போ. பேங்க்காரர். சொத்தைப் பார்த்துக்கறவர், எந்நேரமும் இருமிக்கிட்டே இருப்பார். ஃபோன் மேல ஃபோன் வந்துட்டு இருக்கு, அதுக்கு நடுவுல கேட்டுட்டு, "பெத்தவங்க ஸ்தானத்துல இருக்கறவர், அவர் இஷ்டப்படிதான் வளர்ப்பார்"ங்கற மாதிரி சட்டம் பேசி அனுப்பிடறார். அதோட விட்டாரா? ஓலாஃபுக்கே ஃபோன் போட்டு விஷயத்தைச் சொல்லிடறார்! புகார் சொன்ன பிள்ளைங்க, யாரைப் பத்திச் சொன்னாங்களோ அவன் வீட்டுக்கே திரும்பிப் போய்ப் படுக்கணும்.

எனக்கு அந்த இடத்துல வயித்தைப் பிசைஞ்சது. காண்டாமிருகம் ஒண்ணும் பண்ணலை.

சரி, அந்த வீட்டுக்கு இவங்களை அனுப்பினதே யாரு? இதே போதான். சொந்தக்காரங்க வளர்க்கணும்னு உயில்ல இருக்கு. ஓலாஃப் என்னவோ ஏழு சுத்து தள்ளின உறவு. ஆனா வீடு பக்கத்துல இருக்கே! 'நெருங்கிய சொந்தம்'ங்கறதுக்கு மேப்பைப் பார்த்து அர்த்தம் கண்டுபிடிச்ச மகானுபாவர். இந்த ஆளைக் கெட்டவர்னு சொல்லவே முடியாது. திருடலை, பொய் சொல்லலை, அக்கறையும் இருக்கு. காது மட்டும் கேக்கலை.

போ ஒருத்தர்தான்னா காமெடி பீஸ்னு விட்டுடலாம். ரெண்டாவது புத்தகத்துல மான்ட்டி மாமா தங்கமான மனுஷன், பாம்பு ஆராய்ச்சிக்காரர். வேலைக்குச் சேர்ந்த ஸ்டெஃபானோ வேஷம் போட்ட ஓலாஃப்னு பிள்ளைங்களுக்குப் பார்த்த உடனே தெரிஞ்சு போச்சு. மாமாவும் அவன் ஆள் சரியில்லைன்னு நம்பறார், ஆனா எப்படி? தன் ஆராய்ச்சியைத் திருட வந்த உளவாளின்னு. பிள்ளைங்க சொன்னதைக் கேக்கறதுக்குப் பதிலா, தனக்கு வசதியான அளவுக்கு அதைத் தச்சுப் போட்டுக்கறார். விளைவு, பாம்பு விஷத்தாலயே கொலையாகறார். மூணாவதுல ஜோசஃபின் அத்தை. கதவுக் குமிழுக்குப் பயம், டெலிஃபோனுக்குப் பயம். பயப்பட வேண்டிய ஒரே ஆள் கேப்டன் ஷாம்னு பேர் வச்சுக்கிட்டு வந்து நின்னா மட்டும் பயம் இல்லை.

ஜஸ்டிஸ் ஸ்ட்ராஸ் கதைதான் எனக்கு இன்னும் ஆறலை. பக்கத்து வீட்டு நீதிபதி அம்மா, வீடு நிறைய புத்தகம். முதல் புத்தகக் கடைசியில, நாங்களே வளர்க்கறோம்னு கேக்கறாங்க, பிள்ளைங்களுக்கும் அதான் ஆசை. போ உயிலைக் காட்டறார்: சொந்தக்காரங்கதான் வளர்க்கணுமாம். அந்த அம்மாவும் சரின்னு விட்டுடறாங்க. கெட்டவன் தப்பிச்சு ஓடினதை விட இது பெரிய அநியாயமா எனக்குப் பட்டது.

இப்போ புரியுதா, அப்பா அம்மாக்களுக்கு ஏன் இந்தப் புத்தகம் பிடிக்கலைன்னு? இதுல ராட்சசன் ஓலாஃப் ஒருத்தன்தான். மத்த எல்லாரும் நாம. "சும்மா இரு, பெரியவங்க பேசிட்டு இருக்கோம்ல" கோஷ்டி.

எதிர்க்கறவங்களை விடுங்க, ஆதரிக்கறவங்க தொல்லை அதுக்கு மேல. "நல்ல புத்தகம் சார், வொகாபுலரி வளரும்"னு ஒரு கூட்டம். கதைசொல்லி நடுநடுவுல நின்னு கஷ்டமான வார்த்தைக்கு அர்த்தம் சொல்றார், வாஸ்தவம்தான். ஆனா அவர் சொல்ற அர்த்தம் பாதி நேரம் அகராதியில இருக்காது, அந்தப் பிள்ளைங்களோட அன்னைக்கு நிலைமைதான் இருக்கும். அதை ஸ்பெல்லிங் போட்டிக்கு உருப்போட வைக்கறவங்களும் ஒரு வகையில மிஸ்டர் போ-தான். புத்தகம் ஒண்ணு சொல்லிட்டு இருக்கு, இவங்க மார்க்கு எவ்வளவு வரும்னு பார்த்துட்டு இருக்காங்க.

குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். நாலுல இருந்து ஏழு வரைக்கும் அரைச்ச மாவுதான்: புது வீடு, புது வேஷம், யாரும் நம்ப மாட்டாங்க, ஓலாஃப் ஓட்டம். மரமில்லுல நடக்கற நாலாவது புத்தகத்துல எனக்குக் கொட்டாவியே வந்தது. ஆனா பொறுமையாப் போனா (கதை தெரிய வேணாம்னா அடுத்த பாராவைத் தாண்டிடுங்க) வேற ஆட்டம் ஆரம்பிக்கும்.

பத்திரிகை இவங்களையே கொலைகாரங்கன்னு போடுது. பிள்ளைங்க ஓடி ஒளியறாங்க, வேஷம் போடறாங்க, பொய் சொல்றாங்க. அதாவது ஓலாஃப் பண்ணினதையெல்லாம் இவங்களும் பண்ண வேண்டி வருது. 12-வது புத்தகத்துல கை தவறி விழுந்த ஈட்டித் துப்பாக்கியால ஒரு நல்ல மனுஷன் சாகறார். ஹோட்டலுக்குத் தீ வைக்கலாம்னு சொல்றது யார் தெரியுமா? சன்னி! வீடு எரிஞ்சு அநாதையான குழந்தை. நாம நல்லவங்கதானான்னு பிள்ளைங்களே கேட்டுக்கறாங்க, ஆசிரியர் ஆமான்னு தலையைத் தடவிக் கொடுக்கலை. குழந்தைகளை மதிச்சு எழுதினவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

2004-ல ஜிம் கேரி நடிச்ச படத்துக்கு இந்தத் துணிச்சல் இல்லை. முதல் மூணு புத்தகத்தைப் பிசைஞ்சு, முடிவுல செத்துப் போன பெத்தவங்ககிட்ட இருந்து தாமதமா ஒரு கடிதம் வர வச்சு, கண்ணைத் துடைச்சு அனுப்பிட்டாங்க. மூல நூல்ல அந்த மாதிரி தபால் எதுவும் வராது. பெரியவங்க பயந்து போய் எடுத்த படம்னு அதுலயே தெரியும். 2017-ல இருந்து 2019 வரைக்கும் நெட்ஃப்ளிக்ஸ்ல வந்த தொடர் தேவலை, 25 பகுதி.

அந்தப் பொண்ணுகிட்ட யாராவது, "உனக்குப் பயமா இருந்துச்சாம்மா?"ன்னு கேட்டாங்களான்னு தெரியலை. அவங்க அப்பா சொன்னதுல அது இல்லை. நானும் கேக்கலை, அதையும் ஒத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை போகும்போது முதல் ரெண்டு புத்தகத்தையும் எடுத்துட்டுப் போறேன். ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு அவங்க அப்பாவுக்கு.