வாக்கியமும் பழக வேண்டும்

"எழுதும் திறமை பிறவியிலேயே வர வேண்டும், பழகி வருவதன்று" என்று தோழியர் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு என்பதே இன்று என் கருத்து. அக்கருத்து எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு என் தாத்தா இறந்துபோனார். இராணுவத்தில் பணிபுரியும் மாமாவால் இறுதிச் சடங்கிற்கு வர இயலவில்லை. தொலைபேசியில் பேசினாலோ இரு பக்கமும் அழுகைதான். ஆகவே மாமா, "கண்ணு, அப்பாவைப் பற்றி எனக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பு" என்று கேட்டார்.

கட்டுரையில் நல்ல மதிப்பெண் பெறுபவள் என்ற துணிவில் எழுத உட்கார்ந்தேன். "ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்", "ஈடு செய்ய இயலாத இழப்பு" என்று சுவரொட்டி வாசகங்களே வந்தன. அவற்றை அடித்துவிட்டுச் சொந்தமாக எழுதினேன்: "தாத்தா சைக்கிளில் வருவார். தாத்தா மணி அடிப்பார். தாத்தா என்னைக் கூப்பிடுவார். தாத்தா கடலைமிட்டாய் கொடுப்பார்."

படித்துக் காட்டியபோது பாட்டி, "மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறதடி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மனம் நிறையத் தாத்தா இருந்தார். ஆனால் அவரைச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம் இல்லை.

மறுநாள் அந்தத் தாளைத் தமிழம்மாவிடம் காட்டினேன். "இந்த நான்கு வரிகளையே வேறு வேறு வாக்கிய வகைகளில் எழுதிக்கொண்டு வா" என்றார் அவர். தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம், செய்வினை, செயப்பாட்டுவினை, உடன்பாடு, எதிர்மறை என்று எத்தனை ஆண்டுகளாக நாம் படிக்கிறோம்! ஒரு மதிப்பெண் வினாவுக்கு என்று மட்டுமே நான் எண்ணியிருந்த அவை, அன்றுதான் கைக்கருவிகளாயின.

முதலில் வினையெச்சங்களால் கோத்தேன்: "சைக்கிளைத் திண்ணையில் சாய்த்து, மணியை இருமுறை அடித்து, என்னைக் கூப்பிட்டுக் கடலைமிட்டாய் கொடுப்பார் தாத்தா." அவருடைய மாலைப்பொழுது முழுவதும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது. அடுத்து, பெயரெச்சம்: "தாத்தா அடிக்கும் மணியோசை கேட்டதும் வாசலுக்கு ஓடுவேன்." இப்போது நானும் உள்ளே வந்துவிட்டேன். "தாத்தாவால் மணி அடிக்கப்பட்டது" என்று செயப்பாட்டுவினையில் எழுதினால் அலுவலக அறிக்கை போல இருந்தது, அதை நீக்கிவிட்டேன். கடைசியாக எதிர்மறை: "இப்போது மணி ஒலிப்பதில்லை." மூன்றே சொற்கள்! நீண்ட வாக்கியத்தை அடுத்து அதை வைத்ததும், சுவரொட்டி வாசகங்களால் சொல்ல முடியாததை அது சொல்லிவிட்டது.

நம் தமிழில் வேற்றுமை உருபுகள் பொருளைக் காத்து நிற்பதால் சொற்களை இடம் மாற்றவும் வழியுண்டு. "தாத்தாவுக்கு மாமா சால்வை வாங்கினார்" என்பதற்கும் "தாத்தாவுக்குச் சால்வை வாங்கியவர் மாமா" என்பதற்கும் செய்தி ஒன்றே, அழுத்தம் வேறு.

பெரியோர் நடையும் ஒரே அச்சில் வார்த்ததன்று. திரு.வி.க. (1883–1953) சிறு சிறு வாக்கியங்களால் உரைநடைக்கு வேகம் தந்தார். மறைமலையடிகள் (1876–1950) நீண்ட வாக்கியங்களைத் தனித்தமிழில் நடத்திக் காட்டினார். இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவருக்குத் தமிழ் தாய்மொழியே அன்று. வளர்ந்த பிறகு கற்ற மொழியில் சதுரகராதி தொகுத்தார். பரமார்த்த குரு கதையை உரைநடையில் எழுதினார். எழுத்துத் திறமை பிறவியில் மட்டுமே வரும் என்றால் இது எங்ஙனம் கூடிற்று?

"உணர்ச்சி இருந்தால் போதாதா? இப்பயிற்சி வெறும் இயந்திர வேலை அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். உணர்ச்சி எனக்கும் இருந்தது. மளிகைச் சீட்டுதான் வந்தது! தையல் வகுப்பில் ஓட்டுத் தையலையும் சங்கிலித் தையலையும் முதலில் மாதிரித் துணியில்தானே போட்டுப் பழகுகிறோம்? மாதிரித் துணியை யாரும் உடுத்துவதில்லை. ஆனால் அதில் பழகாத கை பாவாடை தைக்க முடியாது. அதே சமயம், தெரிந்த தையலையெல்லாம் ஒரே கைக்குட்டையில் போட்டால் பார்ப்பவர் சிரிப்பார்கள். வாக்கியமும் அப்படித்தான். பலவகை தெரிந்திருக்க வேண்டும். பொருளுக்கு ஏற்றதையே எடுக்க வேண்டும்.

ஆகவே தோழியரே, நாள்தோறும் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். அன்று கண்ட ஒரு நிகழ்ச்சியை ஐந்து விதமாக எழுதி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எது பொருந்துகிறது என்று உங்கள் காதே சொல்லும். தேர்வுக்குக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வதை நான் குறை கூறவில்லை, நானும் செய்கிறேன். ஆயினும் நம் வீட்டுத் துயரத்தையும் மகிழ்ச்சியையும் எழுதுவதற்கு எந்தக் கடையிலும் நோட்ஸ் விற்பதில்லை.

மாமாவிடமிருந்து பதில் வந்தது. "சைக்கிள் மணி என் காதிலும் கேட்டது, கண்ணு" என்று எழுதியிருந்தார். நான் பெற்ற மதிப்பெண்களில் அதுவே பெரியது.

– பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி