துணிக்கூரை ஜீப்பில் சுமை ஏற்றலாமா?

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த நம்மவர், 2009இல் யுத்தம் முடிந்தபின் முல்லைத்தீவுக்குக் குடும்பத்தோடு போய்வரத் தொடங்கினர். துணிக்கூரை ஜீப்பில் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

கூரையிலுள்ள வளைகம்பிகள் துணியைத் தாங்கத்தான். சாமானைத் தாங்க அல்ல. மேலே கெரியர் பூட்டுவதானால், அதன் இரும்புக் கால்கள் துணியில் படாமல் வெளிப்புறமாக இறங்கி, வண்டியின் உடம்பில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பள்ளம் விழுந்த கிரவல் பாதையில் போல்ட் தளரும். இடையில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாய், தலையணை மேலே போகட்டும். அரிசி மூடையும் தண்ணீர்க் கலனும் கீழேதான். மேலே பாரம் கூடினால் வளைவில் வண்டி எளிதில் புரளும். புரண்டால், துணிக்கூரை நம் பிள்ளைகளைக் காக்காது.