மழைக்கு முன்னாடி பிக்கப்புக்கு அடியில குனிஞ்சு பாருங்க

உங்களுக்கு ஓசூர்லயோ பெங்களூருலயோ வேலை. நல்லம்பள்ளியில அப்பா ஓட்டுறது பத்து வருஷப் பழைய பிக்கப். அது நின்னுபோனா, புது வண்டிக்கான இ.எம்.ஐ. உங்க சம்பளத்துலதான் விழும்.

துருவுக்கு இன்சூரன்ஸ் பணம் வராது. ஃபுல் கவர் எடுத்திருந்தாலும் தேய்மானம்னு தள்ளிடுவாங்க. எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. வேற. சேஸிஸ் அரிச்சிருந்தா அங்கேயும் சிக்கல்.

கடலே இல்லாத ஊர்ல துருவான்னு கேக்காதீங்க. நாம ஏத்துற பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதுவும் உப்புதான். தக்காளிச் சாறோ புளிப்பு. ரெண்டும் இடுக்குல தங்கி மழை ஈரத்தோட சேர்ந்தா தகடு போச்சு.

அதனால அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை பிடிக்கிறதுக்குள்ள வாட்டர் சர்வீஸ் விட்டு, நல்லா காயவெச்சு, துருவைக் கம்பி பிரஷ்ல தேய்ச்சு, ரெட் ஆக்ஸைடு அடிச்சு, அப்புறம் பெயிண்ட். சேத்து மேலயே அண்டர்கோட்டிங் அடிக்கிறது வெட்டிச் செலவு. ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். ஓசியில கிடைக்குதேன்னு பழைய என்ஜின் ஆயிலைப் பூசுறதும் வேண்டாம். ரப்பர் புஷ் ஊறிப்போகும், மிச்சம் மழையில வழிஞ்சு நம்ம மண்ணுலதான் இறங்கும்.

கதவு அடியில இருக்கிற வடிகால் ஓட்டைகளையும் ஒரு கம்பியால குத்தி விடுங்க. அதுக்குக் காசே ஆகாது.