கடைமடைக்கும் தண்ணீர் வரட்டும்

விண்மீன்களுக்கு நடுவே கிடக்கும் மேகங்களுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. தூசி கண்ணை மறைத்துவிடும். ரேடியோ அலைக்கு அந்தத் தூசி ஒரு பொருட்டல்ல. உள்ளே சுழலும் மூலக்கூறு ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அலைவரிசையில் முனகிக்கொண்டிருக்கிறது. ரேடியோவில் முதலில் பிடிபட்டது ஹைட்ராக்சில், 1963-இல். 1968-இல் சார்லஸ் டவுன்ஸ் குழு அம்மோனியாவைக் கண்டது. அடுத்தடுத்து நீர், ஃபார்மால்டிஹைடு, கார்பன் மோனாக்சைடு என்று வளர்ந்த பட்டியல் இன்று 300-ஐத் தாண்டிவிட்டது.

முனகல் என்றது மிகையில்லை. இதை அளக்கும் அலகு ஜான்ஸ்கி: ஒரு வாட்டைப் பத்தால் இருபத்தாறு முறை வகுத்தால் வருவது, அதுவும் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு ஹெர்ட்சுக்கு. இத்தனை மெல்லிய குரலை அருகிலுள்ள எந்தக் கருவியும் அமுக்கிவிடும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது விழுந்த விசித்திரத் துடிப்புகள் எங்கிருந்து வந்தன என்பது 2015-இல்தான் தெரிந்தது. யாரோ பொறுமையில்லாமல், மணி அடிக்குமுன்பே மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறந்திருக்கிறார்கள். குற்றவாளி ஆய்வகத்துச் சமையலறையிலேயே இருந்திருக்கிறது!

ஆகவே விஞ்ஞானிகள் பாவம், அலை பரப்பும் நிறுவனங்கள் பொல்லாதவை என்று நாம் தீர்ப்பெழுத வரவில்லை. அலைக்கற்றை என்பது முறைவைத்துப் பாயும் வாய்க்கால். தலைமடையில் செல்பேசியும் செயற்கைக்கோளும், கடைமடையில் வானியலர். மேலே உடைப்பெடுத்தால் கீழே வயல் காயும். 23.6 முதல் 24 கிகாஹெர்ட்ஸ் வரை எவரும் அலை பரப்பக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. அம்மோனியாவின் குரல் வருவது அங்கேதான். ஆனால் பக்கத்து அலைவரிசையிலிருந்து கசிவதை விதி மட்டும் தடுத்துவிடாது. ஹைட்ராக்சில் முனகும் 1612 மெகாஹெர்ட்ஸ் வரியை இரிடியம் செயற்கைக்கோள்களின் கசிவு பல ஆண்டுகள் கெடுத்தது. அதே வரியில் குறுக்கிட்ட ரஷ்யாவின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான குளோனாஸோ, 1993-இல் வானியலரோடு உடன்பாடு கண்டு படிப்படியாக விலகிக்கொண்டது. பேசினால் நடக்கும்.

செயற்கைக்கோள் செய்பவர் கசிவைத் தடுக்கும் வடிப்பானுக்கான செலவை ஏவும் முன்பே கணக்கில் சேர்க்கட்டும். விண்ணுக்குப் போனபின் அதில் கைவைக்க முடியாது. அலைக்கற்றையை ஏலம் விடும் அரசுகள், பக்கத்து வயல்காரரையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு ஏலம் விடட்டும். வானியலரும் எல்லா அலைவரிசையும் எந்நேரமும் வேண்டும் என்று நிற்காமல், எந்த வரி, எந்த மணிநேரம் என்று முன்கூட்டியே சொல்லட்டும். ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகும் நாம், வாசலில் செல்பேசியை அணைக்கச் சொன்னால் அணைத்துவிடுவோம். சைலண்டில் போடுவது போதாது.