உயிலில் பாட்டுக்கும் ஒரு பங்கு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் குடவோலை, தேர்தல், ஜனநாயகம் என்று போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அதே சுவரில் இன்னொரு விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி ஓலையில் பெயர் எழுதத் தகுதி இல்லாதவர். அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும்தான்! முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இவை.

இதற்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது.

சின்ன ஊர் சங்கீத சபா எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு பெரியவர் ரசீது புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்குவார். ராமநவமிக்கு நாலு கச்சேரி நடக்கும். பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் போக மிச்சம் இருந்தால் வித்வானுக்கு. அந்தப் பெரியவர் கண்ணை மூடினால் சபாவும் கண்ணை மூடிவிடும். கோயிலில் நாதஸ்வரம், தவில் இருந்த இடத்தில் கரண்டில் அடிக்கும் மேள மிஷின் வந்து நிற்கும்.

ஊரில் காசு இல்லையா? இருக்கிறது. ட்யூப் லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு "உபயம்" என்று பெயர் எழுத ஆள் இருக்கிறார்கள். இல்லாதது, தனக்குப் பிறகும் நிற்கிற மாதிரி கொடுக்கும் பழக்கம்.

அந்தப் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுப்பார்கள். ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. அதனால்தான் கல்வெட்டில் அதற்கு "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். பாட்டுக்கும் இப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இரண்டு பேர் என்று 50 பேரை ராஜராஜன் நியமித்தான். ஆளுக்கு தினம் மூன்று குறுணி நெல். ஒருவர் இறந்தால் அவருடைய உறவினர் பாட வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறு ஆளைப் போட வேண்டும் என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள்.

ராஜாவால் முடியும், மற்றவர்களால் முடியுமா என்று கேட்கலாம். பெங்களூர் நாகரத்தினம்மாள் ராணி அல்ல. பாடிச் சம்பாதித்த பணத்தில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கட்டிடம் எழுப்பினார். 1925-ல் அதன் கும்பாபிஷேகம். அங்கே பெண்கள் பாடக்கூடாது என்றபோது பெண்களைச் சேர்த்துத் தனியாகவே ஆராதனை நடத்தினார். 1952-ல் மறைவதற்கு முன், தன் சொத்தை அந்தச் சமாதிக்கான டிரஸ்டுக்கே உயில் எழுதினார். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஜூலியார்ட் என்ற ஜவுளி வியாபாரி 1919-ல் இறந்தபோது விட்டுப்போன சொத்தில்தான் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளி பிறந்தது. பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஜவுளிக்காரர்களுக்கா பஞ்சம்?

"பிள்ளைகள் வயிற்றில் அடிப்பதா?" என்பது முதல் எதிர்ப்பு. முழுச் சொத்தையும் யாரும் கேட்கவில்லை. சுயமாகச் சம்பாதித்ததில் நூற்றுக்கு ஐந்து போதும். பத்துப் பேர் ஆளுக்கு ஒரு லட்சம் எழுதிவைத்தால், 6 சதவீத வட்டியில் வருஷத்துக்கு 60,000 ரூபாய். வாரம் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு மாசம் 4,000 கொடுத்துவிட்டு, மீதி ஆயிரத்தை முதலோடு சேர்க்கலாம். விலைவாசி ஏறும்போது மந்தையும் குட்டி போட வேண்டுமே!

"சபாக்காரர்கள் சாப்பிட்டுவிடுவார்கள்" என்பது இரண்டாவது. நியாயமான பயம். மருந்து உள்ளூர்ச் சுவரிலேயே இருக்கிறது. முதலைத் தொடக்கூடாது, வருஷா வருஷம் கணக்கை வெளியே ஒட்ட வேண்டும், ஒட்டாதவர் மறுபடி பொறுப்புக்கு வரக்கூடாது. பதிவு செய்யாத, கணக்குக் காட்டாத சபாவுக்குப் பத்துப் பைசா எழுதக்கூடாது.

"சங்கீதம் ஒரு சிலருக்குத்தானே" என்பது மூன்றாவது. இதில் உண்மை இருக்கிறது. அந்தப் பழைய சுவர்கூட நிலமும் வேதப் படிப்பும் இருந்தவர்களைத்தான் உள்ளே விட்டது. அதன் கணக்கு விதியை எடுத்துக்கொண்டு, பூட்டிய கதவை விட்டுவிடலாம். எந்த ஜாதிப் பிள்ளை வந்தாலும் இலவசமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பாட்டோடு நாதஸ்வரமும் தவிலும் தேவாரமும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட உயிலில் இடம் உண்டு. ரசீது புத்தகத்தில் அதற்கு இடம் ஏது?

"அரசாங்க இசைப்பள்ளி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, காஞ்சிபுரத்தில். உத்திரமேரூர் ஆறாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடம் முடிந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போய்விட்டு ராத்திரி எப்போது வீடு திரும்பும்?

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு செய்வது நல்லது, ஆனால் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சபாவின் பதிவுப் பெயரும் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் வரிக்குப் பயந்து கொடுக்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. பிரிட்டனில் வாரிசுச் சொத்துக்கு 40 சதவீத வரி, தர்மத்துக்கு எழுதினால் அந்தப் பங்குக்கு விலக்கு. இந்தியாவில் எஸ்டேட் டியூட்டி 1985-லேயே போய்விட்டது. அதனால் இங்கே எழுதுகிற ஒவ்வொரு ரூபாயும் மனசிலிருந்து வருவதாகத்தான் இருக்கும்.

ட்யூப் லைட் ஒரு வருஷத்தில் ஃப்யூஸ் ஆகிவிடும், உபயதாரர் பெயரோடு சேர்த்து. ஒரு பிள்ளை கற்றுக்கொண்ட வர்ணம் அறுபது வருஷம் நிற்கும்.